காதோரம் பேசிய குழந்தை

அந்தக் குழந்தைக்குப் பேச்சு வராது என்று காகிதத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் டாக்டர். அவர் அப்படி எழுதும்படி ஆனது என்னால். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கர்நாடகத்தில் இருக்கும் மார்டள்ளியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைசூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போன குழந்தைகள், பஸ் ஸ்டாண்டில் கிடைத்து போலீஸ் கொண்டுவந்து ஒப்படைத்த குழந்தைகள், இவர்கள்தான் அங்கே இருப்பவர்கள். அரசாங்கத்தின் வழியாக ஒரு அப்பா அம்மா கிடைத்துப் போகும்வரை எங்கள் கையில் இருப்பார்கள். குளிப்பாட்டுவது, ராகி மாவுக் கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எங்கள் வேலை.

கல்யாணமாகி, கட்டட வேலைக்கு வந்த வீட்டுக்காரரோடு மைசூருக்கு வந்தவள் நான். கன்னடம் காதுக்குப் புரியும், வாய்க்கு வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கன்னடத்தில் ஏதோ சொல்லப்போக, மற்ற ஆயாக்கள் அதையே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதோடு நிறுத்திவிட்டேன். எதைச் சொன்னாலும் "ஆயித்து" என்பேன். சரி, ஆகட்டும் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையிலேயே வருடங்கள் ஓடின. அவர்கள் எனக்கு வைத்த பெயர் மூகி அஜ்ஜி. ஊமைக் கிழவி. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் கன்னடத்துப் பெண், நல்ல பெண், என்னை ஒரு குறையும் சொன்னதில்லை. மகனும் அவளோடு பேசிப் பேசிக் கன்னடமாகவே ஆகிவிட்டான். தமிழில் பேச எனக்கு யாரும் இல்லை என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. பேசாமல் இருப்பது பழகிவிட்டது.

அந்தக் குழந்தை கொரோனா சமயத்தில் வந்தாள். இரண்டு கிலோ இருந்திருப்பாளோ என்னவோ, கையில் எடுத்தால் துணிதான் கனமாக இருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம். மற்ற பிள்ளைகளோடு போடக்கூடாது, ஒரே ஆயாதான் தொட வேண்டும், அந்த ஆயாவும் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டைவிட்டு வந்து தங்க மற்றவர்களால் முடியவில்லை. என்னால் முடிந்தது. மாடியில் கடைசி அறையைக் கொடுத்தார்கள்.

ஊரடங்கு முடிந்த பிறகும் அவளுக்கு இழுப்பு விடவில்லை. அதனால் அந்த அறையும் விடவில்லை. மூன்று வயது முடியும்வரை அவளும் நானும்தான் அங்கே. ஆவி பிடிக்கும் மிஷினை மூக்கில் வைத்தால் பயந்து அழுவாள். அழாமல் இருக்க நான் பேசுவேன். என்ன பேசுவேன்? வெங்காயம் விலை ஏறியதைச் சொல்வேன். வீட்டுக்காரர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு கட்டடத்து மேலேயே ஒரு நாள் முழுக்க இறங்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொல்வேன். யாரிடமும் சொல்லாததெல்லாம் அந்தப் பிஞ்சுக் காதில் போட்டேன். மெதுவாகத்தான் பேசுவேன். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன். என் தமிழைக் கேட்டு இன்னொரு வாரம் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

அவளுக்குப் பேச்சு வந்தது. நன்றாகவே வந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள்தான் பேசுவாள். செருப்புச் சத்தம் கேட்டால் அவளும் நிறுத்திவிடுவாள். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பேச்சு என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தசராவுக்கு முந்தைய வாரங்களில் யானைகளை நடக்கவிட்டுப் பழக்குவார்கள். எங்கள் தெரு முனையில்தான் போகும். எல்லாப் பிள்ளைகளையும் கேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவோம், அப்போது மட்டும் அவளையும் மாடியிலிருந்து தூக்கிவருவேன். பிள்ளைகள் கத்திக் குதிக்க, இவள் மட்டும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு காதில் கேட்டாள்.

"ஆனைக்கு இத்தன தூரம் நடந்தா காலு நோவாதா?"

பக்கத்தில் நின்ற ஆயா திரும்பினாள். நஞ்சன்கூட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள் கன்னடத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். "என்னமோ சொன்னாளே, பேசறாளா என்ன?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். முதல் பொய் அது.

மூன்று வயதில் பெரிய கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே இருபது பிள்ளைகள், ஒரே கூச்சல். அவள் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், அவ்வளவுதான். மூன்று மாதம் பார்த்துவிட்டு, இல்லத்தை நடத்தும் மேடம் அவளைப் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். கூடப் போனது நான். போகிற வழியில் பஸ்ஸில் ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். தின்று முடித்து, "இன்னொண்ணு" என்று காதில் கேட்டாள்.

டாக்டரம்மா தங்கமானவர். தரையில் உட்கார்ந்து ஒரு படத்தைக் காட்டினார். வாழைப்பழப் படம். "இதேனு புட்டி?" இது என்ன, செல்லம், என்று கேட்டார். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். பத்துப் படம் காட்டினார், பத்துக்கும் அப்படியே. காதுக்கு மிஷின் வைத்துப் பார்த்ததில் காது நன்றாக இருந்தது. கடைசியில் டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

"அங்கே தனியாக இருக்கும்போது ஏதாவது பேசுவாளா அஜ்ஜி? ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை?"

இல்லை என்று தலையாட்டினேன்.

கூச்சத்தில் அப்படிச் செய்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. பேச்சு வராத பிள்ளை, நடக்க வராத பிள்ளை, இவர்களை யாரும் சீக்கிரம் கேட்டு வருவதில்லை என்பது அந்த இல்லத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவள் என்னிடமே இருப்பாள் என்று நினைத்தேன்.

ஒரு வருடம் அப்படியே போனது. கூடத்தில் ஊமையாகவும், மத்தியானம் துணி மடிக்கும் அறையில் என் காதில் வாயாடியாகவும் இருந்தாள். பிறகு ஒருநாள் துணி மடிக்கும் நேரத்தில் மேடம் வந்து சொன்னார். அவளுக்கு அப்பா அம்மா கிடைத்துவிட்டார்கள், வெளிநாட்டுக்காரர்கள். நாட்டின் பெயரையும் சொன்னார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. வருடத்தில் பாதி நாள் பனி விழுமாம்.

நஞ்சன்கூட்டுக்காரி சொன்னாள், "வாயில்லாத பிள்ளை, வாயில்லாத ஆயா. ரெண்டு பேரையும் ஒரே டிக்கெட்டில் அனுப்பிவிடுங்கள் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு ஆயா, ஏன் அவ்வளவு தூரம், இங்கேயே யாரும் இல்லையா என்று கேட்டாள்.

மேடம் சொன்னார், "நம் ஊர்க்காரர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். மூன்று குடும்பம் பார்த்தது. போட்டோவைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். பேச்சு வராது என்ற பக்கம் வந்ததும் மூடிவிட்டார்கள். அது மட்டும் இல்லையென்றால் எப்போதோ பெங்களூருக்கோ மங்களூருக்கோ போயிருப்பாள்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தேன். என்னிடமே இருப்பாள் என்று நான் ஆட்டிய தலை அவளைக் கடல் தாண்டி அனுப்புகிறது. அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. காகிதம் மாறினால் என்ன ஆகும், யார் என்னைத் திட்டுவார்கள், வேலை போகுமா, இதுதான் மனதில் ஓடியது.

சில மாதம் கழித்து எல்லா உத்தரவும் வந்த பிறகு, அந்த வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு வாரம் மைசூரிலேயே தங்கி, தினமும் இல்லத்துக்கு வந்து, அவள் பழகிய பிறகு கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்த ஆளுக்கு வெயிலில் மூக்கு தோல் உரிந்திருந்தது. அந்தப் பெண் உயரமாக இருந்தாள். இங்கே வாங்கிய காட்டன் சுடிதாரை முன்பக்கம் பின்பக்கமாகப் போட்டிருந்தாள், யாரும் அவளிடம் சொல்லவில்லை. உள்ளே வந்ததும் முட்டி போட்டு உட்கார்ந்து, கையால் பேசினாள். விரலை உதட்டில் வைத்தாள், நெஞ்சில் வைத்தாள், இரண்டு கையையும் குவித்தாள். வாய் பேசாதவர்கள் பேசும் கை பாஷை. பிள்ளைக்காக நாலு மாதம் வகுப்புக்குப் போய்ப் படித்தார்களாம்.

பிள்ளைக்கு அது அப்படிப் பிடித்துவிட்டது. இரண்டே நாளில் தண்ணீர், போதும், இன்னும் வேண்டும், எல்லாம் விரலில் சொல்ல ஆரம்பித்தாள். சத்தமே வேண்டாத பாஷை. எத்தனை பேர் பார்த்தாலும் அவளுக்குக் கூச்சம் இல்லை. மேடத்துக்குச் சந்தோஷம். அந்தப் பெண் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். நல்ல மனுஷி என்று தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர்கள் போனில் ஒரு பள்ளிக்கூடத்தின் படத்தைக் காட்டினார்கள். அவர்களுக்கு டாக்ஸி ஓட்டியவர்தான் பேச்சை மாற்றிச் சொல்பவரும். மைசூர்த் தமிழர். டூரிஸ்டுகளோடு பழகி இங்கிலீஷ் தெரியும். கன்னடத்தில் எங்களுக்கெல்லாம் விளக்கினார். அது பேச வராத பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளிக்கூடம். இடம் வாங்கிவிட்டார்கள். டீச்சர், பிள்ளைகள், எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். பள்ளிக்கூடம் முழுக்க ஒரு சத்தம் இருக்காது.

படத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுத்தமான தரை, பெரிய ஜன்னல். ஆனைக்குக் காலு நோவாதா என்று கேட்டவள் அந்த வட்டத்தில் உட்காரப்போகிறாள். போய்விட்டால் அப்புறம் அவளுக்குப் பேச்சு உண்டு என்று சொல்ல அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி."

"என்ன பெரியம்மா, நீங்க தமிழா? மூகி அஜ்ஜின்னாங்களே! எந்த ஊரு?"

"மார்டள்ளிங்க."

"அடடே, மாதேஸ்வரன் மலைக்கு சவாரி போனா அந்தப் பக்கம் வருவேன். சொல்லுங்க, என்ன வேணும்?"

"அந்தப் புள்ள பேசுமுங்க."

"எந்தப் புள்ள?"

"அந்தப் புள்ளதானுங்க. நல்லாப் பேசும். எங்கூட மட்டும்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"தமாஷ் பண்ணலயே? யார்கிட்டயும் சொல்லலயா நீங்க?"

"இல்லீங்க."

"ஏன்?"

அவர் துணியைக் கார் மேல் போட்டார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு பெரியம்மா. வாங்க, இப்பவே சொல்லிரலாம். ஏனு, தூக்குலயா போடப்போறாங்க?"

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அவர் மேடத்திடம் கன்னடத்திலும் அவர்களிடம் இங்கிலீஷிலும் சொன்னார். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேசுவாளா? எங்கே, பேசச் சொல்லுங்கள் பார்க்கலாம்."

நான் பேச வேண்டும், எல்லோர் முன்னாலும். அவள் முன்னால் குனிந்தேன்.

"கண்ணு, தண்ணி வேணுமா?"

நஞ்சன்கூட்டுக்காரி வாயில் கை வைத்தாள். "ஐயையோ, மூகிக்கு வாய் வந்துவிட்டது!"

குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் இரண்டு பேருடைய அறைக்குள் இருந்ததை நான் தெருவில் கொண்டுவந்து போட்ட மாதிரி. பிறகு விரலை உதட்டில் வைத்து, கை பாஷையில் வேண்டாம் என்றாள்.

"பார்த்தீர்களா?" என்றார் மேடம். பாவம், வயதானவள், பிரிய மனசில்லை என்று டிரைவரிடம் சொன்னார். நான் மறுபடி மறுபடி கேட்டேன். பசிக்குதா கண்ணு, வெளிய போலாமா கண்ணு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் மட்டும் என்னை நம்பினாள் என்று நினைக்கிறேன். டிரைவரிடம் ஏதோ கேட்டாள். தமிழில் தாய்க்கு என்ன வார்த்தை என்று கேட்கிறாள் என்றார். சொல்லியும் கொடுத்தார். அவள் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சில் கை வைத்து, கஷ்டப்பட்டுச் சொன்னாள். "அம்மா."

பிள்ளை நிமிர்ந்தாள். என் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூடமே கேட்கும்படி சொன்னாள்.

"நீ அம்மா இல்ல. இதுதான் அம்மா."

ஆயாக்களை யாரும் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பது எங்கள் இல்லத்தில் கண்டிப்பான விதி. ஒருநாள் வரப்போகிறவளுக்கு அந்த வார்த்தையை மிச்சம் வைக்க வேண்டும் என்று மேடம் சொல்வார். மாடி அறையில் அவள் சில தடவை காதில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

அந்த ஆள்தான் முதலில் கை தட்டினார். பிள்ளை பேசிவிட்டாளே என்று அவருக்குக் கண்ணில் தண்ணீர். என்ன சொன்னாள் என்று டிரைவரைப் பிடித்து உலுக்கினார்.

டிரைவர் என்னிடம் குனிந்தார். "என்ன சொன்னான்னு கேக்கறாரு பெரியம்மா. என்னன்னு சொல்ல?"

"தண்ணி கேட்டான்னு சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பெண் எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மா என்ற வார்த்தையை அவள் அப்போதுதான் கற்றிருந்தாள். பிள்ளை சொன்னதில் அது இரண்டு தடவை வந்தது அவளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றாள், என் பக்கம் பார்க்கவில்லை. பிள்ளை குடிக்கவில்லை.

மேடம் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. உத்தரவெல்லாம் முடிந்துவிட்டது, இனி எதுவும் மாறாது, பிள்ளை போயாக வேண்டும் என்றார். "உங்கள் சேலையை விட்டால்தான் அவர்கள் கையைப் பிடிப்பாள். அவர்கள் போகும்வரை நீங்கள் வர வேண்டாம். சம்பளம் பிடிக்க மாட்டேன்."

"ஆயித்து" என்றேன்.

நான் கிளம்பும் முன் அந்தப் பெண் டிரைவரோடு வந்து, போனை என் முன்னால் நீட்டினாள். பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகளை நான் சொல்ல வேண்டுமாம், பதிவு செய்துகொள்வாளாம். சொன்னேன். தண்ணி. பசிக்குது. ஒண்ணுக்கு வருது. நோவுது. பயமா இருக்குது. ஒண்ணுமில்ல கண்ணு, நான் இருக்கேன். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் அர்த்தம் சொல்ல, அவள் ஒரு சின்ன நோட்டில் எழுதினாள். கடைசி வார்த்தையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

பிள்ளை மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். எழுப்ப விடவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டு நாள் வீட்டில் இருந்தேன். லீவு என்று மருமகளிடம் சொன்னேன். வேலைக்குத் திரும்பிய அன்று, அவர்கள் மற்ற பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த துணி மூட்டையை இறக்க டிரைவர் வந்திருந்தார். ஏர்போர்ட் வரை அவர்தான் விட்டிருக்கிறார்.

"அழுதாளா?"

"முதல் நாளு அழுதா. போறப்ப இல்ல."

"ஏதாச்சும் பேசுனாளா?"

மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் சொன்னார். "ரோடெல்லாம் அந்தம்மா நோட்டப் பாத்து உங்க வார்த்தையெல்லாம் சொல்லிட்டே வந்துச்சு. தண்ணின்னுச்சு, பசிக்குதான்னுச்சு. புள்ள கேட்டுட்டுதான் இருந்தா. பதில் எல்லாம் கையிலதான் பெரியம்மா."

போன பிள்ளைகளைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த நாட்டிலிருந்து எழுதி அனுப்ப வேண்டும், அது சட்டம். முதல் கடிதம் வந்தபோது மேடம் என்னைக் கூப்பிட்டார். எனக்காக மெதுவாகப் படித்தார். எடை கூடியிருக்கிறாள். இழுப்பு வரவில்லை. பனியில் விளையாடுகிறாள். வாய் திறந்து இன்னும் பேசவில்லை. பேசக்கூடிய பிள்ளைதான் என்று அங்கே டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அவசரப்படுத்த வேண்டாம் என்று அந்த டாக்டர்கள் சொல்கிறார்களாம். இப்போதைக்கு அந்தச் சத்தமில்லாத பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள்.

கடிதத்தோடு ஒரு போட்டோ இருந்தது. பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். கன்னம் உப்பியிருக்கிறது. இரண்டு கையும் காற்றில், என்னமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் அவள் கையையே பார்க்கிறார்கள். நான் அவள் வாயைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. சிரிக்கத் திறந்ததா, பேசத் திறந்ததா என்று படத்தில் தெரியவில்லை.